ஆலை வழக்கில் எழுத்தர் சொல்லாமல் விட்டது

ஆமாம், மூன்றும் என் கைதான்.
உயிலில் ஷிமேனாவின் பெயருக்கு முன்னால்
குறுக்கே வெட்டிய இரண்டு கோடு போட்டேன்.
கிரயப் பத்திரத்தில் வாலைச் சுருட்டிய பூனை.
வரி ரசீதில் (அன்று வாத்திறகு பிளந்திருந்தது)
எழுந்து நிற்கும் பாம்பு ஒன்று.
வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்,
தோரோவின் சந்தையில் மூன்றுக்கும்
அவள்தான் திரும்பிப் பார்ப்பாள்.

பட்டதாரி தெய்யோ தெ அர்னேதோ
சலமாங்காவில் ஆறு வருஷம் சட்டம் படித்தவர்.
கண்ணாடிக் கல்லைத் தாளின்மேல் நகர்த்திக்கொண்டே சொன்னார்:
"உயிலில் உள்ள பெண் வேறு,
பத்திரத்தில் உள்ள பெண் வேறு.
டுவேரோக் கரை ஆலை எவளுக்கு எழுதப்பட்டதோ
அவள் இந்த ஊரில் பிறக்கவே இல்லை."

பிறக்காதவள் அங்கேதான் நின்றாள்,
முழங்கைவரை மாவு,
புருவத்தில் கொஞ்சம்.

என்னை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
மகன் என்று எழுத ஒரு எஃபே போதும்,
பக்கக் கணக்கில் கூலி என்றால் இரண்டு போடுவேன்.
தலை என்ற சொல்லின் நடுவில்
ஓர் எழுத்துக்கு அடியில் சின்ன வால் தொங்க வேண்டும்.
அவசரத்தில் அது எத்தனையோ முறை உதிர்ந்திருக்கிறது,
எவன் தலையும் உருண்டதில்லை.
மனைவியை முஜேர் என்றும் மொஜேர் என்றும்
குடித்த மறுநாள் முஜியேர் என்றும் எழுதினேன்;
என் பிரியாந்தா மூன்றுக்கும்
ஒரே குரலில்தான் திட்டினாள்.

பேனாவுக்கு என்ன தெரியும், ஐயா.
காது சொல்கிறது, கை கேட்கிறது,
இடையில் குளிர்.

அப்போது ஷிமேனா என் பக்கம் திரும்பினாள்.
"எனக்கு வாசிக்க வராது.
என் கணவரின் தம்பி பெயரை வாசி,
மூன்று தாளிலும்."

வாசித்தேன்.
உயிலில் சாட்சி: ஃபெர்ராந்தோ.
பத்திரத்தில்: ஃபெர்னாந்தோ.
இந்த மனுவில், அவரே என் தோளுக்குப் பின்னால் நின்று
சொல்லச் சொல்ல எழுதியது: எர்னாந்தோ,
முன்னால் ஓர் ஆச்சே,
வாசலில் நின்றும் வாய் திறக்காத காவலாள்.

"நான் இரண்டு பேர் என்றால்
இவர் மூன்று பேர்.
என் ஆலை எந்த மைத்துனருக்கு வேண்டும்?
கேட்டுச் சொல்லுங்கள்.
மூவரில் ஒருவர் போன அறுவடையிலிருந்து எனக்கு
எட்டு ஃபனேகா கோதுமை பாக்கி.
அனேகா என்று எழுதினாலும் சரி,
அளந்து கொடுத்தால் போதும்."

பின்வரிசையில் ஒரு தோல் வியாபாரி
சிரித்துச் சிரித்துத் தும்மினான்.
நீதிபதி சிரிக்கவில்லை.
காலடிக் கணப்பு அணைந்திருந்தது,
சமையலறையிலிருந்து பூண்டு மணம் வந்தது.
"ஆலை ஷிமேனாவுக்கு" என்றார்.
பட்டதாரி எழுந்தார்.
"எல்லா ஷிமேனாக்களுக்கும்" என்றார் நீதிபதி.
பட்டதாரி உட்கார்ந்தார்.

தீர்ப்பை எழுத வேண்டியது நான்.
முதல் வரி சுலபம், அரசியின் பெயர்,
அதை அச்சுப் பார்த்தே எழுதிவிடலாம்.
இரண்டாம் வரியில் இறகு நின்றது.
கோடா, பூனையா, பாம்பா?
மை ஒரு சொட்டு திரண்டு
விழலாமா என்று யோசித்தது.
எதையோ எழுதினேன்.
அது எது என்று இப்போது கேட்காதீர்கள்,
மணல் தூவி மடித்தாயிற்று.

கையெழுத்துக்குப் பதில் ஷிமேனா சிலுவை போட்டாள்,
மூலத்தில் ஒன்று, நகலில் ஒன்று.
மூலத்தில் நேராக நின்றது.
நகலில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

பட்டதாரி தெய்யோ
மெல்லத் தன் கண்ணாடிக் கல்லை
மறுபடி எடுத்தார்.